முற்றத்தில் மலரும் கர்மயோகம்

பகவத் கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் பகவான் தமது விபூதிகளை அர்ஜுனனுக்கு எடுத்துரைக்கையில், பருவங்களுள் தாம் வசந்தம் என்கிறார். சித்திரை, வைகாசியாகிய இளவேனிலில் அந்த விபூதியை நம் வீட்டு முற்றத்திலேயே தரிசிக்கலாம். அதற்குக் கண்ணும் வேண்டும், கையும் வேண்டும். கண் பக்தி, கை கர்மம்.

மட்டாஞ்சேரி தரும் பாடம்

கொச்சி மட்டாஞ்சேரி, மிளகும் இஞ்சியும் மணக்கும் பழைய வணிகத்தலம். அங்குள்ள திருமலை தேவஸ்வம் ஆலயத்தைச் சுற்றிக் கொங்கணி மக்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். அச்சமூகத்தைச் சேர்ந்த ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகிய மூன்று வைத்தியர்களும், சேர்த்தலைப் பகுதியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும் தாங்கள் அறிந்த மூலிகை ஞானத்தை டச்சு ஆளுநர் வான் ரீடுக்கு எடுத்துரைத்தனர். அதன் விளைவே 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்'. 'மலபார்த் தோட்டம்' என்பது அப்பெயரின் பொருள். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த அந்நூல் 742 தாவரங்களை விவரிக்கிறது. முதல் தொகுதி தென்னையுடன் தொடங்குகிறது. விஷுக்கணியில் பொன்னென ஒளிரும் கொன்றையும் அதே தொகுதியில் இடம்பெற்றுள்ளது.

1675-இல் அவ்வைத்தியர்கள் எழுதிக் கொடுத்த சான்றுரைகள் நூலின் முகப்பில் அச்சாகியுள்ளன. ஆனால் காடு மேடெல்லாம் அலைந்து, மரமேறி, பூவும் காயும் பறித்து வந்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. அவர்களது உழைப்பு இல்லையேல் அந்த நூலும் இல்லை. பெயரை எதிர்பாராத பணி உலகைத் தாங்குவதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

தோட்டம் கற்பிப்பவை

இன்று மட்டாஞ்சேரி போன்ற நெருக்கமான நகர்ப்பகுதிகளில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. மண் இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. மொட்டைமாடியில் சில சாக்குப்பைகள், மண், மக்கிய சமையலறைக் கழிவு ஆகியவை போதும். கீரை ஏறக்குறைய ஒரு மாதத்தில் பறிப்புக்கு வரும். வெண்டை காய்க்க ஒன்றரை மாதம் ஆகும். அவசரப்படுத்தினால் எதுவும் முன்னதாக வராது. இது பொறுமை என்னும் பாடம்.

விதைப்பதும் நீர் வார்ப்பதும் நம் கடமை. முளைப்பது நம் வசத்தில் இல்லை. விதைகளுள் சில முளைக்காமலே போகும். முளைத்தவற்றிலும் சில வாடும். அப்போது மனம் சோர்ந்தால், நாம் செடியை அன்று, பலனையே நேசித்தோம் என்பது விளங்கும். இது பற்றின்மை என்னும் பாடம்.

அண்டை வீட்டாரோடு சேர்ந்து பொது இடத்தில் ஒரு பாத்தி அமைத்தால் இன்னொரு பாடமும் கிட்டும். ஒருவர் நட்டதற்கு மற்றொருவர் நீர் வார்ப்பார். காய்த்தது யாருக்கு என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியே நம் அகந்தையின் அளவுகோல். முதல் காயை இறைவனுக்கு நிவேதித்து, அடுத்ததை அயலாருக்கு அளித்து, எஞ்சியதைப் பிரசாதமாக ஏற்போருக்கு 'எனது' என்னும் முள் தைக்காது.

சிந்தனைக்கு

1. நான் உண்ணும் உணவை விளைவித்த, பெயரறியாத கரங்களை இன்று நினைத்தேனா?
2. பலன் கிடைக்காத நாளிலும் அதே அன்புடன் நீர் வார்க்கிறேனா?
3. என் தோட்டத்தின் விதைகளை யாருக்கு அளித்தேன்?

இந்த இளவேனிலில் அன்பர்கள் ஒவ்வொருவரும் ஒரு செடியேனும் நட்டு, அதனை நாள்தோறும் செய்யும் பூஜையாகவே பேணுவோமாக. பூமித்தாய் பொறுமையை நமக்கும் அருள்வாளாக!