டோரதி கண்டது கனவா? - 'ரிட்டர்ன் டு ஓஸ்' படத்தை வழிநூலாக வாசித்தல்

முதல்நூல், வழிநூல் என்னும் பாகுபாட்டை நம்மில் பலர் தேர்வுக்காக மனனம் செய்திருப்போம். தேர்வு முடிந்ததும் மறந்தும் இருப்போம். தொல்காப்பிய மரபியல் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காகப் பகுக்கிறது. நன்னூலார், வழிநூல் என்பது முன்னோர் நூலின் முடிபோடு ஒத்திருக்க வேண்டும். மற்றபடி பின்னவர் தாம் வேண்டும் வேறுபாடுகளைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற கருத்தில் இலக்கணம் வகுக்கிறார். ஏட்டில் எழுதிய நூல்களுக்காகச் சொல்லப்பட்ட இவ்விதி, திரையில் நாம் காணும் தழுவல் படங்களைப் புரிந்துகொள்ள உதவுமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு கதை திரைப்படமானால், 'மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள்' என்ற ஒரே வாசகத்தோடு நம் விவாதம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எந்த மூலத்தை, அதில் எதைக் கெடுத்தார்கள் என்று நாம் கேட்பதில்லை. அப்படிக் கேட்டே ஆகவேண்டிய படம் ஒன்று உண்டு. 1985-ஆம் ஆண்டு டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'ரிட்டர்ன் டு ஓஸ்' என்னும் மாயக்கதைப் படமே அது. இப்படத்திற்கு ஒரு முதல்நூல் அன்று, இரண்டு முதல்நூல்கள். அவ்விரண்டின் முடிபுகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டு முதல்நூல்கள்

அமெரிக்க எழுத்தாளர் எல். ஃபிராங்க் பாம் (1856-1919) எழுதிய 'தி வொண்டர்ஃபுல் விசர்ட் ஆஃப் ஓஸ்' 1900-இல் வெளிவந்தது. கேன்சஸ் சமவெளியில் மாமா ஹென்றியோடும் அத்தை எம்மோடும் வாழும் டோரதி என்ற அனாதைச் சிறுமியைச் சூறாவளி வீட்டோடு தூக்கிச் சென்று ஓஸ் நாட்டில் இறக்கிவிடுகிறது. வைக்கோல் மனிதன், தகர மனிதன், கோழைச் சிங்கம் ஆகிய மூவரின் துணையோடு அவள் ஊர் திரும்பும் வழியைத் தேடுகிறாள். இறுதியில் அவளைக் கொண்டுவந்து சேர்ப்பவை வெள்ளிக் காலணிகள். அவை வழியிலேயே கழன்று விழுந்துவிட, வெறும் காலுறையோடு புல்வெளியில் வந்து விழுகிறாள். எதிரே நிற்பது புதிய வீடு. பழைய வீட்டைத்தான் சூறாவளி கொண்டுபோய்விட்டதே! முட்டைக்கோசுக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே வந்த அத்தை அவளை அணைத்துக்கொள்கிறார். அந்தப் புதிய வீடு சிறிய விவரம்தான். ஆனால் அதுவே சாட்சி. டோரதி உண்மையாகவே போய்விட்டு வந்திருக்கிறாள். நூலின் முடிபு இது.

1939-இல் எம்.ஜி.எம். நிறுவனம் எடுத்த 'தி விசர்ட் ஆஃப் ஓஸ்' படம் இதனைத் தலைகீழாக்கியது. வெள்ளிக் காலணி அதில் மாணிக்கக் காலணி ஆயிற்று. டெக்னிகலர் வண்ணத்தில் வெள்ளியைவிடச் சிவப்பு எடுப்பாகத் தெரியும் என்பது காரணம். ஆனால் பெரிய மாற்றம் காலணியில் இல்லை. சூறாவளியில் சன்னல் சட்டம் தலையில் பட்டு மயங்கிய டோரதி, கடைசியில் தன் கட்டிலிலேயே கண் விழிக்கிறாள். சுற்றி நிற்கும் பண்ணையாட்களுக்கும் ஓஸ் நாட்டில் கண்ட தோழர்களுக்கும் ஒரே முகம். ஒரே நடிகர்கள் இரு வேடங்களிலும் நடித்திருந்தனர். அது உண்மையான இடம் என்று அவள் வலியுறுத்துகிறாள். பெரியவர்கள் அன்போடு புன்னகைக்கிறார்கள். வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆகவே எல்லாம் கனவு.

இப்படம் 1956-இல் முதன்முதலாக அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. சில ஆண்டுகளில் அது ஆண்டுதோறும் குடும்பத்தோடு பார்க்கும் வழக்கமாகவும் ஆனது. பலருக்குக் கதை என்றாலே ஜூடி கார்லண்ட் பாடி நடித்த இந்தப் படம்தான். வழிநூல் முதல்நூலின் நாற்காலியில் அமர்ந்துவிட்டது எனலாம்.

தொகுத்தவை

பாம் தம் வாழ்நாளில் எழுதிய ஓஸ் நாவல்கள் மொத்தம் 14. 1985 படத்தை இயக்கிய வால்டர் மர்ச், கில் டென்னிஸ் என்பவரோடு சேர்ந்து எழுதிய திரைக்கதைக்கு, 1904-இல் வந்த இரண்டாம் நூலையும் 1907-இல் வந்த மூன்றாம் நூலையும் எடுத்துக்கொண்டார். மர்ச் அடிப்படையில் படத்தொகுப்பாளர், ஒலி வடிவமைப்பாளர். 'அபொகாலிப்ஸ் நவ்' படத்தின் ஒலிக்காக ஆஸ்கார் விருது பெற்றவர். துண்டுகளை ஒட்டுவது அவர் தொழில். அது திரைக்கதையிலும் தெரிகிறது.

இரண்டாம் நூலில் டோரதியே இல்லை. மோம்பி என்ற சூனியக்காரி வளர்க்கும் ஒரு சிறுவன், உயிரூட்டும் பொடி, பூசணித்தலை மனிதன், சோபாக்களைக் கட்டிச் செய்த பறக்கும் விலங்கு என்று அதன் கதை போகிறது. அச்சிறுவனே உருமாற்றப்பட்ட ஓஸ்மா இளவரசி என்பது அதன் முடிவு. மூன்றாம் நூலில் டோரதி மாமாவோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போகும்போது, பில்லினா என்னும் கோழியோடு கடலில் அடித்துச் செல்லப்படுகிறாள். சாவி கொடுத்தால் இயங்கும் டிக்-டாக், கைகால்களில் சக்கரம் முளைத்த வீலர்கள், முப்பது தலைகளை அலமாரியில் வைத்து மாற்றிக்கொள்ளும் லாங்விடேர் இளவரசி, மனிதர்களை அலங்காரப் பொருள்களாக மாற்றிவைக்கும் நோம் மன்னன் ஆகியோர் இந்நூலில் வருகிறார்கள்.

படம் மோம்பியையும் லாங்விடேரையும் ஒரே பாத்திரமாக்கிவிட்டது. நோம் மன்னனின் மந்திர இடைவாருக்குப் பதிலாக மாணிக்கக் காலணி வந்தது. அக்காலணி எம்.ஜி.எம்.-இன் கற்பனை என்பதால், டிஸ்னி பணம் கொடுத்து அனுமதி பெற வேண்டியிருந்தது. 1939 படத்தின் காலணியை வாங்கிக்கொண்டு, அதன் பாடல்களையும் ஆடல்களையும் முற்றிலும் தவிர்த்துவிட்டார்கள். உருவங்களுக்கோ இரண்டாம் நூல் தொட்டுப் படம் வரைந்த ஜான் ஆர். நீலின் ஓவியங்களைப் பின்பற்றினார்கள். ஃபேருசா பால்க் என்னும் சின்னஞ்சிறுமி டோரதியானாள். ஜூடி கார்லண்ட் அப்படத்தில் நடித்தபோது 16 வயதுப் பெண். வில் வின்டன் குழுவின் களிமண் அசைவூட்டத்தில் பாறைகளே முகங்களாகி ஒற்றாடும் காட்சிகள் இன்றும் வியக்க வைக்கின்றன.

தொகுத்தலில் குறை இல்லாமல் இல்லை. தகர மனிதனும் சிங்கமும் பெரும்பாலும் கற்சிலைகளாகவே நிற்கிறார்கள். வைக்கோல் மனிதனை மீட்கத்தான் அத்தனை பாடும். மீட்டபின் அவனுக்குச் செய்ய ஏதுமில்லை. முதற்படத்தின் தோழர்களைக் காண ஆசைப்பட்டு வந்தவர்கள் ஏமாந்திருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

விரித்தது

ஆனால் இப்படத்தின் உயிர், விரித்த பகுதியில்தான் இருக்கிறது. பாமின் எந்த நூலிலும் அது இல்லை.

1899 அக்டோபர். சூறாவளி போய் ஆறு மாதம். டோரதிக்கு உறக்கம் வரவில்லை. எப்போதும் ஓஸ் நாட்டைப் பற்றியே பேசுகிறாள். வயலில் கிடைத்த ஒரு சாவியைக் கொண்டுவந்து, ஓஸிலிருந்து தோழர்கள் அனுப்பியது என்கிறாள். அத்தைக்கு அது பழைய வீட்டுச் சாவி. ஒரே பொருளுக்கு இரண்டு உரைகள்! வீடு பாதி கட்டியபடி நிற்கிறது, மாமாவுக்குக் கால் சரியில்லை, கடன் வேறு. இந்நிலையிலும் அத்தை, மின்சாரத்தால் மனநோயைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் டாக்டர் வொர்லியிடம் சிறுமியை வண்டியில் அழைத்துப் போகிறார். அங்கே ஒரு கருவியைக் காட்டி, இதற்குக் கண்ணும் வாயும் இருக்கிறது பார் என்பதுபோல் மருத்துவர் நயமாகப் பேசுகிறார். இரவில் அவளைக் கட்டிலில் கட்டித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். சக்கரம் கிறீச்சிடுகிறது. இடி விழுந்து மின்சாரம் போகிறது. பெயர் தெரியாத ஒரு சிறுமி கட்டவிழ்த்துவிட, இருவரும் ஓடி ஆற்றில் விழுகிறார்கள். விழித்தால் ஓஸ்.

இங்கே மருத்துவராக நடித்த நிக்கல் வில்லியம்சனே அங்கே நோம் மன்னன். தாதியாக நடித்த ஜீன் மார்ஷே மோம்பி. கட்டிலின் சக்கர ஒலி வீலர்களிடம் மீண்டும் கேட்கிறது. இந்த இரட்டை வேட உத்தி பாமிடம் இல்லை, 1939 படத்தினுடையது. கனவு என்று நிறுவ அப்படம் கையாண்ட அதே கருவியை மர்ச் எடுத்து, வேறொரு கேள்வியை நோக்கித் திருப்புகிறார். ஓஸ் கனவுதான் என்றே வைத்துக்கொள்வோம். அதைக் கனவென்று ஒப்புக்கொள்ள மறுக்கும் குழந்தையைப் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? 1939-இல் புன்னகைத்தார்கள். அந்தப் புன்னகை ஆறு மாதம் தாங்குமா? பிள்ளை உறங்காமல், வேலை செய்யாமல், இல்லாத ஊரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நம் வீடுகளில் முதலில் கோயில், பிறகு மருத்துவர் என்று போக மாட்டோமா? பைப்பர் லாரி நடித்த அத்தை கொடியவர் அல்லர். கையில் இல்லாத பணத்தைக் கடன்பட்டுச் செலவழிக்கும் அன்பான பெண்மணி. அதனால்தான் இப்பகுதி வலிக்கிறது. கொடுமைக்காரி என்றால் பிள்ளை அவரை வெறுத்துவிட்டுப் போகலாம்.

படம் வெளிவந்தபோது பல விமர்சகர்கள், குழந்தைகளுக்கு இது மிகவும் அச்சமூட்டுவது என்றனர். ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம் டாலர் செலவான படம் அமெரிக்காவில் ஈட்டியது ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம்தான். மர்ச் அதன்பின் வேறொரு முழுநீளக் கதைப்படத்தை இயக்கவில்லை. பாமின் இனிய உலகத்தைக் கெடுத்துவிட்டார் என்ற குற்றச்சாட்டு எவ்வளவு சரி? தம் முதல் நூலின் முன்னுரையில், பழங்கதைகளின் அச்சத்தையும் துயரத்தையும் விலக்கி எழுதுவதாகப் பாம் கூறியது உண்மைதான். ஆனால் அதே நூலில் தகர மனிதன் நாற்பது ஓநாய்களின் தலைகளைக் கோடரியால் வெட்டுகிறான்; அவன் தகரமானதே, சூனியம் வைத்த கோடரி அவன் உறுப்புகளை ஒவ்வொன்றாக வெட்டியதால்தான். டோரதியின் தலையைக் கேட்கும் இளவரசியும் பாமின் படைப்பே. ஆக மர்ச் மீறியது நூலை அன்று. 1939 படம் மக்கள் மனத்தில் விதைத்த நினைவை.

இதோடு ஒப்பிட ஒன்று சொல்லலாம். கிரெகரி மகையர் 1995-இல் எழுதிய 'விக்கெட்' நாவல், 2003-இல் இசை நாடகமாகி, 2024, 2025 ஆண்டுகளில் இரு பாகப் படமாகவும் வந்தது. அதன் சூனியக்காரிக்குப் பச்சைத் தோல். அப்பச்சை பாமின் முதல் நூலில் இல்லை. 1939 படம் கொடுத்தது. இரு முதல்களிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு தன் போக்கில் வேறுபட்டுச் செல்லும் இதனை நன்னூலார் சார்புநூல் என்றிருப்பார். அதற்கு முடிபு ஒத்திருக்கவேண்டிய கட்டாயமில்லை. 'ரிட்டர்ன் டு ஓஸ்' படத்திற்கு உண்டு. அது தன்னைத் தொடர்ச்சி என்று சொல்லிக்கொள்கிறது.

முடிபு

அப்படியானால் எந்த முதலோடு அது ஒக்கிறது? ஆற்றங்கரையில் டோரதி கண்டெடுக்கப்படுகிறாள். மருத்துவமனை தீயில் எரிந்துவிட்டது. கருவிகளைக் காப்பாற்றப் போன மருத்துவர் மாண்டுவிட்டார். தாதியைக் கம்பி வண்டியில் கொண்டு போகிறார்கள். இதுவரை எல்லாவற்றையும் கனவென்றும் சொல்லலாம், நிகழ்ந்தது என்றும் சொல்லலாம். பிறகு வீடு. டோரதியின் அறைக் கண்ணாடியில் ஓஸ்மாவும் பில்லினாவும் தெரிகிறார்கள். நாம் பார்க்கிறோம். மகிழ்ச்சியில் அவள் அத்தையைக் கூப்பிடுகிறாள். ஓஸ்மா உதட்டில் விரல் வைக்கிறாள்.

ஓஸ் உண்மை என்ற வகையில் நூலின் முடிபு. அதைப் பெரியவர்களிடம் நிறுவ முடியாது என்ற வகையில் 1939-இன் முடிபு. முரண்பட்ட இரண்டு முதல்களோடும் ஒரே காட்சியில் ஒத்துப்போக இதைவிட வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. அதற்கான விலையைச் சிறுமிதான் கொடுக்கிறாள்.

பாம் தம் கதையை வேறு விதமாகக் கொண்டுபோனார். 1910-இல் வந்த ஆறாம் நூலில், புதிய வீடு கட்ட வாங்கிய கடனுக்காகப் பண்ணையே பறிபோகும் நிலை. அதுவரை மாமா ஹென்றி, டோரதி சொன்னவற்றைக் கனவு காணும் பிள்ளையின் பேச்சென்றே எண்ணியிருந்தார். அவள் தாயும் அப்படிப்பட்டவள்தான் என்பது அவர் முடிவு. டோரதி ஓஸ்மாவிடம் கேட்டு, மாமா அத்தை இருவரையும் ஓஸ் நாட்டுக்கே அழைத்துக்கொள்கிறாள். அரண்மனையில் நின்றபடி அவர்கள் எல்லாவற்றையும் தம் கண்ணாலேயே பார்க்கிறார்கள்.

1985-இன் அத்தை அறைக்குள் வரும்போது கண்ணாடியில் டோரதியின் முகம் மட்டுமே இருக்கிறது. ஒன்றுமில்லை என்று சமாளித்துவிட்டு, நாய்க்குட்டி டோட்டோவோடு அவள் வெளியே விளையாடப் போகிறாள்.