பட்டாசுக்கு மட்டுமா கந்தகம்?



கந்தகம் என்றதும் நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு ஞாபகம் வருவது சிவகாசிதான். வெடியுப்பு 75 பங்கு, கரி 15, கந்தகம் 10 என்ற கருமருந்துக் கணக்கு இங்கே பலருக்கும் தெரியும். அதே கந்தகம் கடலைக் காட்டுக்கும் வேணும் என்றால், "அங்கே எதுக்கு?" என்பார்கள். அதற்குப் பதிலே இக்கட்டுரை.

தழை, மணி, சாம்பல் சத்துக்கள் எல்லாப் பயிருக்கும் தேவை. நிலக்கடலை, எள், சூரியகாந்தி ஆகிய எண்ணெய் வித்துக்களுக்கு நான்காவதாகக் கந்தகமும் முக்கியம். விதைக்குள் எண்ணெய் உருவாக உதவும் 'கோ-என்சைம் ஏ' என்ற பொருளிலும், சில அமினோ அமிலங்களிலும் கந்தகம் இருக்கிறது. அது குறைந்தால் இளம் இலைகள் முதலில் வெளுக்கும். தழைச்சத்து குறைந்தால் முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகும். இந்த வித்தியாசம் தெரியாமல் யூரியாவைக் கொட்டினால் காசுதான் வீண்.

பற்றாக்குறை ஏன் வந்தது?

முன்பு அதிகம் போட்ட அம்மோனியம் சல்பேட்டில் சுமார் 24 சதவீதமும், சூப்பர் பாஸ்பேட்டில் சுமார் 11 சதவீதமும் கந்தகம் உண்டு. பிறகு வந்த யூரியாவிலும் டி.ஏ.பி.யிலும் அது கிடையாது. ஒரு 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 23 கிலோ மணிச்சத்து. அதே அளவை 16 சதவீத சூப்பரில் தர 144 கிலோ வேணும். கூடவே 16 கிலோ கந்தகம் இலவசமாக வந்துவிடும்! டி.ஏ.பி.யில் உள்ள 9 கிலோ தழைச்சத்துக்கு 20 கிலோ யூரியா சேர்த்தால் கணக்கு சரி.

கடலையின் தனிக் குணம்

வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச்சத்து நீரோடு இலைக்குப் போகிறது. அங்கிருந்து காய்க்குத் திரும்பி வராது. மண்ணுக்குள் இறங்கிய விழுதும் காயும் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தாமே அதை எடுத்துக்கொள்ள வேண்டும். கிடைக்காவிட்டால் செடி செழிப்பாக நிற்கும், பிடுங்கிப் பார்த்தால் பொக்குக் காய்தான்!

இரண்டுக்கும் ஒரே மருந்து ஜிப்சம். அதில் சுண்ணாம்புச்சத்து சுமார் 23 சதவீதம், கந்தகம் சுமார் 18 சதவீதம். ஏக்கருக்கு 160 கிலோ வீதம், இறவைப் பயிருக்கு 40-45ஆம் நாளில் செடி ஓரமாகப் போட்டு மண் அணைக்கணும். மானாவாரியில் மண் ஈரம் பார்த்துப் போடணும். கரிசலில் பொதுவாகச் சுண்ணாம்பு இருக்கும். செம்மண்ணில் அது குறைவாக இருக்கலாம். எனவே சோதித்துப் பார்ப்பதே நல்லது.

ஓர் எச்சரிக்கை: பட்டாசு ஆலைக் கழிவைக் காட்டில் கொட்டலாமா என்றால், கூடவே கூடாது. அதில் பேரியம் போன்ற நச்சு உப்புக்களும், தீப்பிடிக்கும் கலவைகளும் இருக்கக்கூடும்.

நாம் என்ன செய்யலாம்?

விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, காட்டில் பத்துப் பதினைந்து இடங்களில் 'V' வடிவில் 15 செ.மீ. ஆழம் தோண்டி, மண்ணைச் சுரண்டி எடுத்து ஒன்றாகக் கலந்து, கால்பங்கு முறையில் அரைக் கிலோவாகக் குறைத்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின் 12 அளவீடுகளில் கந்தகமும் ஒன்று. வாங்கிய அட்டையைப் பெட்டியில் பூட்டாமல், அப்பாவுக்குப் படித்துச் சொல்லுங்கள்.

மானாவாரி விவசாயிக்கு மழை கையில் இல்லை. உரக் கணக்காவது கையில் இருக்கட்டும்!