வலிப்பு நோயும் தாதிமைத் தொழிலும்

ஐந்தாம் படிவம் முடித்த தம் மகளைத் தாதியர் பயிற்சிக்கு அனுப்ப விரும்பும் தோட்டத்துத் தாயார் ஒருவர் எம்மிடம் ஒரு கேள்வியை முன்வைத்தார். மகளுக்குப் பதினான்காவது வயது முதல் வலிப்பு நோய் உண்டு. மருந்து உட்கொண்டு வருகின்றாள். கடந்த ஓராண்டாக ஒரு முறையேனும் வலிப்பு வரவில்லை. பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் படிவத்தில் இதனைக் குறிப்பிட வேண்டுமா, மறைத்துவிடலாமா என்பதே அக்கேள்வி. லயத்தில் உள்ளோர் அறிந்தால் நாளை மகளைப் பெண் கேட்டு யார் வருவார் என்னும் அச்சமும் அதற்குள் மறைந்திருந்ததை நாம் உணராமல் இல்லை. இது போன்ற நிலையில் உள்ள குடும்பங்கள் வேறு பலவும் இருக்கும் என்பதால், இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். மூளையின் உயிரணுக்கள் நுண்ணிய மின்னோட்டத்தின் வாயிலாகவே தமக்குள் செய்தி பரிமாறிக் கொள்கின்றன. அம்மின்னோட்டம் திடீரென்று கட்டுக்கடங்காமல் பாயும்போது வலிப்பு உண்டாகிறது. ஹான்ஸ் பெர்கர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து 1929ஆம் ஆண்டில் வெளியிட்டார். இன்று பெரிய மருத்துவமனைகளில் தலையில் கம்பிகளைப் பொருத்தி எடுக்கப்படும் வரைபடம் அவர் கண்ட வழியில் வந்ததேயாகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்களுக்கு இந்நோய் உண்டு. முறையாகக் கண்டறிந்து மருந்து அளித்தால் அவர்களுள் 100க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்றும் அந்நிறுவனம் கூறுகிறது.

இது தொற்று நோயன்று, பித்துமன்று, பேயின் செயலுமன்று. நம்மவர் இதனைக் 'காக்காய் வலிப்பு' என்பர். காலும் கையும் இழுப்பதால் 'கால் கை வலிப்பு' என்று வழங்கிய பெயரே பேச்சில் திரிந்து காக்கையாயிற்று. பாவம், காக்கைக்கும் இந்நோய்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மலாய் மொழியிலும் முன்னாளில் இந்நோய்க்கு இழிவான பெயரொன்று வழங்கியது; மருத்துவர்கள் இப்போது அதனைத் தவிர்த்து 'சாவான்' என்னும் சொல்லையே கையாளுகின்றனர். பெயரே ஒருவரைத் தலைகுனியச் செய்யுமாயின், நோயை மறைக்கத் தோன்றுவதில் வியப்பில்லை.

இனி, அந்த மகளின் நிலைக்கு வருவோம். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குள் தொடங்கும் வலிப்பில் ஒரு வகை உண்டு. காலையில் எழுந்த சிறிது நேரத்தில் கைகள் வெடுக்கென்று துள்ளும். தேநீர்க் குவளையோ சீப்போ கையினின்று நழுவி விழும். பிள்ளை கவனமின்றிப் போட்டுடைத்ததாகப் பெற்றோர் கடிந்து கொள்வர். சில காலம் சென்று, இரவு உறக்கம் கெட்ட ஒரு நாளின் மறு காலையில், உடல் முழுதும் இழுத்து நினைவிழந்து விழும்போதுதான் நோய் வெளிப்படும். ஆகவே முதல் முறை மருத்துவரிடம் செல்வோர், விழுந்ததை மட்டும் கூறாமல், அதற்கு முன் பல மாதங்களாகக் குவளை நழுவியதையும் கூற வேண்டும். இது சிறு செய்தியன்று. கார்பமாசெபின் என்னும் மருந்து வேறு சில வகை வலிப்புகளுக்கு நன்மருந்து. இவ்வகைக்கோ நோயை மிகுவிக்கவும் கூடும். எந்த மருந்து என்பதை முடிவு செய்ய மருத்துவருக்கு உதவுவது நாம் கூறும் விவரமே. வரைபடம் சரியாக இருந்தால் நோய் இல்லை என்று எண்ணுவதும் தவறு. வலிப்பு நோய் உள்ள பலருக்கு அது வழக்கம்போலவே அமைவதுண்டு.

கார்பமாசெபின் பற்றி மற்றொன்றும் கூற வேண்டும். மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவினத்தாரிலும் சிலருக்குப் பிறவியிலேயே உள்ள ஒரு மரபுக்கூறு காரணமாக, இம்மருந்து தொடங்கிய சில வாரங்களில் தோல் உரியும் கடுமையான ஒவ்வாமை ஏற்படக் கூடும். மருந்து தொடங்கிய பின் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவத்தல், உடலில் தடிப்பு ஆகியவை கண்டால், அடுத்த முன்பதிவு நாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்க.

பெண் மக்களைப் பொறுத்தவரை சோடியம் வால்புரோவேட் என்னும் மருந்தைப் பற்றியும் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். மேலே கூறிய காலை நேர வலிப்புக்கு அது மிகவும் வலிமை வாய்ந்தது. எனினும், கருவுற்ற காலத்தில் அதனை உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளுள் 100க்கு ஏறத்தாழ 10 பேருக்கு உடற்குறை ஏற்படுகிறது. 100க்கு 30 முதல் 40 பேருக்கு அறிவு வளர்ச்சியில் பின்னடைவு காணப்படுகிறது. எனவே பிள்ளை பெறும் வயதுடைய பெண்களுக்கு, இயன்றவரை லெவிடிராசெட்டம் போன்ற வேறு மருந்தையே மருத்துவர்கள் நாடுகின்றனர். இதனைப் படித்துவிட்டு மருந்தை உடனே நிறுத்தி விடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு ஓயாமல் தொடர்ந்து உயிருக்கே ஊறு நேரலாம். மருத்துவரிடம் சென்று கேட்க வேண்டுமே அன்றி, நாமே முடிவெடுத்தல் ஆகாது.

நோய் இருந்தும் தாதியாகலாமா? வலிப்பு நன்கு கட்டுப்பட்டிருப்பின் ஆகலாம் என்பதே எம் கருத்து. இதற்குப் பிரிட்டனின் நடைமுறை நல்ல எடுத்துக்காட்டு. 1960களிலும் 1970களிலும் நம் நாட்டுப் பெண்கள் பலர் தாதிமை பயிலச் சென்றது அங்குதான் என்பதை மூத்தோர் அறிவர். அங்குத் தாதியாகப் பதிவு பெறுவோர் நல்ல உடல்நலம் உடையவராக இருத்தல் வேண்டும். ஆனால் நல்ல உடல்நலம் என்பதற்கு நோயே இல்லாமை என்று பொருளன்று. நோயாளிக்குத் தீங்கின்றிப் பணியாற்றும் திறன் என்றே பொருள் கொள்ளப்படுகிறது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், அத்தகையோருக்காகப் பணிமுறையில் நியாயமான மாற்றங்களைச் செய்து தருமாறு முதலாளிமாரைக் கட்டாயப்படுத்துகிறது.

நம் நாட்டில் தாதியர் தொழிலை நெறிப்படுத்துவது 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டம். பதிவு செய்வது மலேசியத் தாதியர் வாரியம். டிப்ளோமா பயிற்சி மூன்றாண்டு. சேர்வதற்கு முன் உடற்பரிசோதனை உண்டு. அப்படிவத்தில் வலிப்பு நோயைப் பற்றிய கேள்வி இடம்பெறுவது வழக்கம். எல்லாக் கல்வி நிலையங்களும் ஒரே அளவுகோலைக் கொண்டு பார்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டா. ஆகவே கட்டணம் செலுத்துவதற்கு முன், குறிப்பாகத் தனியார் கல்லூரியாயின், எழுத்து வாயிலாகக் கேட்டு எழுத்து வாயிலாகவே பதில் பெறுங்கள். கடன் வாங்கிக் கட்டிய பணம் பின்னர் எளிதில் திரும்பி வராது. 2008ஆம் ஆண்டில் நம் நாட்டில் மாற்றுத் திறனாளிகள் சட்டம் இயற்றப்பட்டது உண்மையே; ஆயினும் சமூக நல இலாகாவின் பதிவில் உள்ள ஏழு பிரிவுகளில் வலிப்பு நோய் தனிப் பிரிவாக இல்லை. எனவே மருத்துவரின் கடிதமே இங்குப் பெருந்துணை.

மறைத்துவிடலாம் என்று எண்ணுவோர், விடுதி வாழ்க்கையை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். நால்வர் தங்கும் அறையில் ஒருத்தி தன் மாத்திரைகளைப் பவுடர் டப்பாவில் ஒளித்து வைக்கிறாள். தோழியர் உறங்கும் வரை காத்திருக்கிறாள். களைப்பில் தானே உறங்கிவிடுகிறாள். இரு வேளை தவறுகிறது. மறுநாள் வார்டில் குழந்தையொன்றைக் கையில் ஏந்தியிருக்கும்போது வலிப்பு வந்தால் என்னாகும்? அக்குழந்தைக்கு நேரும் தீங்கு ஒருபுறம். உண்மையை மறைத்தாள் என்னும் பழி மறுபுறம். நோய் இருந்ததைப் பொறுத்துக் கொள்பவர்கூட, மறைத்ததைப் பொறுப்பது அரிது.

கூறிவிட்டால் செய்யத்தக்கவை பல உள்ளன. தாதிமையில் மிகக் கடினமானது இரவு முறையே. உறக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும் காரணங்களுள் முதன்மையானது. நள்ளிரவு கடந்து எழுந்து, தலைவிளக்குடன் நிரை பிடிக்கச் செல்லும் நம் மக்களுக்கு உறக்கம் கெட்ட உடலின் நிலையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. பயிற்சி நிலையத்தின் ஒப்புதலோடு இரவு முறையைக் குறைக்கவோ, பகல் முறையிலேயே பணியாற்றவோ மருத்துவர் பரிந்துரைக்கலாம். இரவுப் பணி தவிர்க்க இயலாததாயின், மறுநாள் பகலில் சன்னலுக்குக் கறுப்புத் துணியிட்டு ஏழெட்டு மணி நேரம் உறங்குதல் வேண்டும். மாத்திரையைப் பணி முறையைப் பார்த்தன்று, கடிகாரத்தைப் பார்த்தே உட்கொள்ளுதல் வேண்டும். வார்டின் பொறுப்புத் தாதிக்கும் உடன் பணிபுரியும் ஒருவருக்கேனும் நோயும் முதலுதவியும் தெரிந்திருக்க வேண்டும். வெளிநோயாளர் பிரிவு, தாய் சேய் நலக் கிளினிக் போன்ற பகல் நேரப் பணியிடங்களும் உள.

மோட்டார் சைக்கிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத்திலிருந்து பட்டணத்து மருத்துவமனைக்குப் பலருக்கு அதுவே வாகனம். வலிப்பு முற்றிலும் கட்டுப்பட்டுவிட்டது என்று மருத்துவர் கூறும்வரை அதனை ஓட்டலாகாது. விடுதியில் தங்கட்டும், அல்லது அண்ணனோ தந்தையோ கொண்டு விடட்டும்.

மருந்து உட்கொண்டும் அடிக்கடி நினைவிழக்கும் வலிப்பு வருமாயின், படுக்கையருகே பணிபுரியும் தாதிமை அப்போதைக்கு ஏற்றதன்று என்பதையும் கூறாமல் விடுவது நேர்மையாகாது. மருந்தை மாற்றிப் பார்க்கவும் நரம்பியல் நிபுணரைக் காணவும் காலம் தேவைப்படும். ஓராண்டு பிந்திச் சேர்வதால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

வலிப்பு வரும்போது அருகில் இருப்போர் சாவிக்கொத்தையோ இரும்பையோ கையில் திணிப்பது பயனற்றது. பல்லிடையே கரண்டி செருகுவது கேடு விளைவிப்பது. கையைக் காலை அழுத்திப் பிடிக்காமல், உளி, வாளி முதலியவற்றை அப்புறப்படுத்தி, தலைக்கடியில் மெத்தென்று ஏதேனும் வைத்து, இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துக் கிடத்துங்கள். முற்றும் தெளியும்வரை தண்ணீரும் கொடுக்கலாகாது. ஐந்து நிமிடத்தைக் கடந்தாலோ, தெளியுமுன் மீண்டும் வந்தாலோ 999 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

அத்தாயாருக்கு நாம் கூறிய மறுமொழி இதுவே. கடந்த ஓராண்டின் நாட்காட்டியில் வலிப்பு வந்த நாள், மாத்திரை தவறிய நாள், உறக்கம் கெட்ட நாள் ஆகியவற்றை நினைவுள்ளவரை குறித்துக் கொண்டு, மகளுடன் சுகாதாரக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு மருந்து உட்படக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். தாதிமை பயில விரும்புவதையும் இரவு முறை உண்டென்பதையும் மருத்துவரிடம் கூறி, நோயின் வகை, கடைசியாக வலிப்பு வந்த தேதி, உட்கொள்ளும் மருந்து, தேவையான மாற்றங்கள் ஆகியவற்றை எழுதிய கடிதம் ஒன்று கேளுங்கள். மருத்துவர் தம்மிடம் கூறியதைப் பிறருக்கு வெளியிடார். லயத்தார்க்கு அதனால் ஒன்றும் தெரிய வராது. படிவத்தில் அக்கேள்விக்கு நேரே 'ஆம்' என்று மகள் தன் கையாலேயே எழுதட்டும். கடிதத்தின் நகலை அதனுடன் இணைத்து, மூலத்தைப் பிறப்புச் சான்றிதழோடு வீட்டில் பத்திரமாக வையுங்கள்.