கியூ அடுக்க வந்த தம்பி தங்கைகளுக்கு

மேடை நாடகத்தின் ஒலி, ஒளிக் கட்டளைகளை, அதாவது கியூக்களை, வரிசையாக ஓட்டும் கியூலேப் மென்பொருளைப் பழகுகிறவர்களுக்குச் சொல்கிறேன். வேறு மென்பொருள் என்றாலும் சங்கதி இதுதான்.

1. முதல் ஒத்திகைகளில் கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். கியூ வரும் இடங்களைப் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். பேனா வேண்டாம், டைரக்டர் நாளைக்கே மாற்றுவார்.

2. முதல் காட்சிக்கு 100, இரண்டாவதற்கு 200 என்று தொடங்கி, கியூக்களுக்குப் பத்துப் பத்தாக எண் போடுங்கள். நடுவில் ஒன்று முளைத்தால் 115 காலியாக இருக்கும். போட்ட எண்ணைப் பிறகு மாற்றவே கூடாது. ஸ்டேஜ் மேனேஜர் பிரதியிலும் அதே எண்தான் இருக்கிறது.

3. சவுண்ட் ஃபைலின் பெயரை அப்படியே விட்டுவைப்பது சோம்பேறித்தனம். ‘டிராக் 7 ஃபைனல்’ என்பதை வைத்து இருட்டில் என்ன செய்வீர்கள்? ‘அம்மா கடிதத்தைக் கிழித்ததும் இடி’ என்று எழுதுங்கள். குறிப்புப் பகுதியில் முந்தைய வசனத்தைப் போட்டுவையுங்கள். அந்தக் கியூவின் முறை வரும்போது திரையின் மேலே அது தெரியும்.

4. அந்த இடியையே பாருங்கள். மின்னலையும் சத்தத்தையும் ஒரே குரூப்பில் வைத்து, சத்தத்துக்கு மட்டும் ஒன்றரை விநாடி ப்ரீ-வெயிட் (தொடங்குமுன் தாமதம்) கொடுங்கள். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அரை கிலோமீட்டர் தள்ளி இடி விழுந்த கணக்கு. அடுத்த காட்சியில் இடி பக்கத்திலேயே விழுகிறதென்றால் நேரத்தைக் குறையுங்கள். இப்படி இயந்திரம் மட்டுமே சம்பந்தப்பட்டதைத் தானாக ஓட விடலாம். நடிகர் சம்பந்தப்பட்டால் கூடவே கூடாது. சபாவில் சிரிப்பு அடங்கும்வரை நடிகர் காத்திருப்பார், அடுத்த கியூவைத் தானாக ஓட்டும் ஆட்டோ-கன்டினியூ காத்திருக்காது.

5. டெலிபோன் மணியை முடிவில்லாத லூப்பாகப் போட்டு, அடுத்த வரியிலேயே ஸ்டாப் கியூ வையுங்கள். ரிசீவரை எடுத்த பிறகும் மணி அடித்தால் சோகக் காட்சியும் காமெடிதான்.

6. கியூ வரிகளுக்கு நிறம் இரண்டு மூன்று போதும்.

7. அரங்குக்குப் போனதும் நோட்டிஃபிகேஷன், ஸ்லீப் இரண்டையும் அணையுங்கள். எடிட் மோடிலிருந்து ஷோ மோடுக்கு மாறுங்கள். எஸ்கேப்பை ஒருமுறை தட்டினால் எல்லாம் தேய்ந்து நிற்கும், அடுத்தடுத்து இருமுறை தட்டினால் பட்டென்று அறுந்துவிடும். இதைக் கையே அறிந்திருக்க வேண்டும்.

8. நாடகத்தைப் பார்த்திராத நண்பர் ஒருவரை ஓர் ஒத்திகையில் உங்கள் நாற்காலியில் உட்கார வையுங்கள். “இதை எப்போ தட்டணும்?” என்று அவர் கேட்கிற ஒவ்வொரு வரியையும் அன்றிரவே திருத்துங்கள். நாடகத்தன்று உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் ஓட்டப்போவது அவர்தான்.