ஓடுகிற கடிகாரத்தைத் திற

அன்புள்ள கவின்,

தாத்தாவின் எச்.எம்.டி. வாட்சை நீயே பழுதுபார்க்கப் போவதாக எழுதியிருக்கிறாய். நல்ல ஆசை. ஆனால் அதை இப்போதைக்குத் தொடாதே. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016-இல் அரசு முடிவெடுத்துவிட்டது. ஒரு பாகம் உடைந்தால் பெரும்பாலும் இன்னொரு பழைய வாட்சிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

முதலில் சாவி கொடுக்கும் பழைய வாட்ச் ஒன்றை மலிவாக வாங்கு. அது ஓடுகிற வாட்சாக இருக்கட்டும். நின்றுபோனதை வாங்கினால், அது முன்பே கெட்டிருந்ததா, உன் கைபட்டுக் கெட்டதா என்று தெரியாது. ஓடியதைப் பிரித்துப் பூட்டியபின் நின்றால், காரணம் நீ செய்த ஏதோ ஒன்றுதான். தேடினால் அகப்படும், அந்தத் தேடலில்தான் தொழில் படியும்.

கண்ணில் பொருத்தும் லென்ஸ், நுனி கூரான இடுக்கி, ஸ்க்ரூவின் வெட்டுக்குச் சரியாக உட்காரும் சின்ன ஸ்க்ரூடிரைவர்கள், காற்றடிக்கும் ரப்பர் பந்து: தொடக்கத்துக்கு இவை போதும். இடுக்கியில் காந்தம் ஏறாமல் பார்த்துக்கொள். அதிலிருந்து, வாட்சுக்குள் இருக்கும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, வாட்ச் தாறுமாறாக முந்தி ஓடும்.

பின்மூடியைத் திறந்ததும் எதையும் கழற்றாமல் சற்று நேரம் பார். சாவி கொடுக்கும்போது இறுகும் மெயின் ஸ்பிரிங்கின் விசை பல்சக்கரங்கள் வழியே வந்து, பேலன்ஸ் சக்கரத்தை இப்படியும் அப்படியும் ஆட்டும். இவ்வகை வாட்சுகள் பலவற்றில் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து.

பிரிக்கும்முன் அந்த விசையை இறக்கிவிட வேண்டும். சாவித் திருகை விரல்களால் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங்கைத் தடுத்து நிறுத்தும் சிறு கொக்கியை விலக்கி, திருகை விரலுக்குள் மெல்லச் சுழலவிடு. இதை மறந்து சக்கரங்களைக் கழற்றினால், அடங்கியிருக்கும் விசை ஒரே நொடியில் பாய்ந்து பல்லை முறித்துவிடும். அடுத்து பேலன்ஸ் சக்கரத்தை அதைத் தாங்கும் பாலத்தோடு எடு; அதில் பொருத்திய, தலைமுடியைவிட மெல்லிய ஹேர்ஸ்பிரிங் வளைந்துவிட்டால் நிமிர்த்துவது தேர்ந்தவர்களுக்கே கடினம். ஒவ்வொரு படியிலும் படம் எடுத்து வை. ஸ்க்ரூக்களின் நீளம் மாறுபடும். எது எங்கிருந்து வந்தது என்று தனித்தனியே பிரித்து வை.

எண்ணெய் விஷயத்தில் கஞ்சனாக இரு. சக்கர அச்சு உட்காரும் கல்லின் குழியில் பாதியளவு போதும். வழிந்தால் தூசியை இழுக்கும். தேங்காய் எண்ணெயும் தையல் இயந்திர எண்ணெயும் ஆகவே ஆகாது. வாட்சுக்கென்றே விற்கும் எண்ணெயை வாங்கு.

ஓர் எச்சரிக்கை. இருட்டில் ஒளிரும்படி பூச்சுப் பூசிய மிகப் பழைய வாட்சுகளைத் திறக்காதே. அந்தப் பூச்சில் ரேடியம் இருக்கலாம். ஒளி மங்கிப் பல ஆண்டுகள் ஆனாலும் கதிர்வீச்சு பெரிதாகக் குறைந்திருக்காது. சுரண்டினால் தூள் மூச்சில் போகும்.

ஒரே வாட்சைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பூட்டு. படத்தைப் பார்க்காமல் பூட்டி, அது நேரம் தவறாமல் ஓடும்வரை அடுத்ததற்குப் போகாதே. கை நடுங்கும் நாளில் மூடிவைத்துவிட்டு எழுந்துவிடு. பொறுமை வாய்த்தவனுக்கே இந்தக் கலை வசப்படும்.

அன்புடன்,
மாமா