பரணில் கிடக்கும் கணினியை இறக்குங்கள்

நெட்வொர்க் வேலைக்கு நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "பிங் போகிறது. ஆனால் சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. எங்கே பார்ப்பீர்கள்?" சான்றிதழ்க் கட்டோடு வந்தவர்களும் இதில் தடுமாறுவார்கள். வீட்டில் லினக்ஸ் ரௌட்டர் அமைத்து அல்லாடியவர் தடுமாற மாட்டார்.

செலவு அதிகமில்லை. பழைய டெஸ்க்டாப் ஒன்று, கூடுதலாக ஒரு நெட்வொர்க் கார்டு. ஒரு போர்ட்டில் இணைய வயர், இன்னொன்றில் வீட்டு ஸ்விட்ச். இப்போதுள்ள வைஃபை ரௌட்டரில் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, அதை வெறும் அக்சஸ் பாயின்ட்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி போட்டால் சுலபமாக முடிந்துவிடும். கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் டெபியனைப் போட்டு எல்லாவற்றையும் கையால் எழுதுங்கள். கெர்னலில் ஐபி ஃபார்வர்டிங்கை 0-விலிருந்து 1 ஆக்க வேண்டும். என்எஃப்டேபிள்ஸில் மாஸ்கரேட் விதி. முகவரி கொடுக்கவும் டிஎன்எஸ்ஸுக்கும் டிஎன்எஸ்மாஸ்க். டிசிபிடம்ப்பை ஓடவிட்டு போனை வைஃபையில் சேர்த்துப் பாருங்கள்: டிஸ்கவர், ஆஃபர், ரெக்வஸ்ட், அக் என்று நான்கும் வரிசையாக வந்து விழும். பாடப்புத்தகப் படம் அங்கே உயிரோடு ஓடும். (கிரிக்கெட் மேட்ச் உள்ள நாளில் தொடங்காதீர்கள். வீட்டில் சோறு கிடைக்காது.)

ஃபயர்வாலில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். எஸ்எஸ்ஹெச்சை அனுமதிக்கும் விதியை எழுதும் முன்பே, மற்ற எல்லாவற்றையும் தடு என்று போட்டுவிட்டேன். அதே நொடியில் வெளியே தள்ளப்பட்டு, இரவு பதினொரு மணிக்கு மானிட்டரைத் தூக்கிக்கொண்டு மாடியேறினேன். அதன்பின் விதியை மாற்றும்போதெல்லாம், ஐந்து நிமிடத்தில் பழைய விதிகள் தானாகத் திரும்பும்படி ஒரு கட்டளையை முதலில் ஓடவிடுகிறேன். எல்லாம் சரியென்றால் அதை நிறுத்திவிடலாம். ஜூனிப்பர் கருவிகளில் 'கமிட் கன்ஃபர்ம்ட்' செய்வதும் இதைத்தான். அங்கே நாமாக மாற்றாவிட்டால் பத்து நிமிடம்.

இனி அந்த நேர்காணல் கேள்வி. ஈதர்நெட் பாக்கெட் அதிகபட்சம் 1500 பைட். இணைப்பு பிபிபிஓஇ என்றால் அதற்கு 8 பைட் போய், மிச்சம் 1492. பெரிய பாக்கெட் அதில் நுழையாது. 'சிறிதாக அனுப்பு' என்று திரும்பிப் போக வேண்டிய ஐசிஎம்பி செய்தியை வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் விழுங்கிவிட்டால், அந்தத் தளம் தொங்கும். சாதாரண பிங் பொடியன், அவன் நுழைந்துவிடுவான். துண்டாக்காதே என்ற குறியோடு பிங் அனுப்பிப் பாருங்கள்: 1464 பைட் போகும், 1465 போகாது. தலைப்புகளுக்கு 28 பைட் சேர்த்தால் கணக்கு நேராகும். எம்எஸ்எஸ் அளவைக் குறைக்கும் ஒற்றை வரி விதியில் தீர்ந்தது.

இதே கணினியைச் சர்வராக்குவது அடுத்த வார வேலை. ஃபைல் பகிர சாம்பா, வெளியிலிருந்து நுழைய வயர்கார்டு. அதற்குமுன் ரௌட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் நீங்கள் இணைய நிறுவனத்தின் என்ஏடிக்கு (NAT) பின்னால் இருக்கிறீர்கள். எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. மலிவான விபிஎஸ் ஒன்றை எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு போடுவது ஒரு வழி.

ரெஸ்யூமேயில் 'லினக்ஸ் தெரியும்' என்ற வரியை அடித்துவிட்டு, எது கெட்டது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். நான் அங்கிருந்துதான் கேட்கத் தொடங்குவேன்.