குடியை விடுவோர்க்குச் சிறு பரிசுகள்



நெசவாளர் சங்கமொன்றில் தணிக்கை செய்தபோது, ஓர் அங்கத்தினரின் கூலிக் கணக்கு என்னைச் சிந்திக்க வைத்தது. பாவு வாங்கிய நாளுக்கும் துணி ஒப்படைத்த நாளுக்கும் இடைவெளி மாதந்தோறும் நீண்டுகொண்டே சென்றிருந்தது. காரணம் குடி. தீபாவளி போனசை மொத்தமாகக் கையில் கொடுத்தால் திருந்துவார் என நிர்வாகிகள் நம்பினர். நான்கே நாட்களில் அது மதுக்கடைக்குச் சென்றுவிட்டது.

இதற்காகப் பரிசு என்பதே பயனற்றது என்று முடிவு கட்டலாகாது. குடிப்பழக்கம் வேரூன்றியவருக்கு இன்று மாலைக் குப்பியின் இழுப்பு பெரிது. பத்தாண்டு கழித்து வரும் மகளின் திருமணம் தொலைவிலுள்ளது. ஆகவே எதிர்த்தட்டில் வைக்கும் எடையும் இன்றே கிடைப்பதாக இருத்தல் வேண்டும். அமெரிக்காவில் நான்சி பெட்ரி என்னும் உளவியலறிஞர் மதுவுக்கு அடிமையான 42 முன்னாள் படைவீரர்களிடம் இதனைச் சோதித்து, 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். மூச்சுச் சோதனையில் மது இல்லாதிருந்தாலும், ஒப்புக்கொண்ட நற்செயலைச் செய்து முடித்தாலும், கிண்ணத்திலிருந்து சீட்டு எடுக்கலாம். பெரும்பாலான பரிசுகள் ஒரு டாலர் பெறுமானமுள்ளவையே. எனினும் எட்டு வாரச் சிகிச்சையில் நிலைத்தவர், பரிசு பெற்ற பிரிவில் நூற்றுக்கு 84 பேர். மற்றப் பிரிவில் 22 பேர்.

நமக்கு இது முற்றிலும் புதிதன்று. 1937 அக்டோபர் 1-இல் ராஜாஜி அரசாங்கம் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது, கடையை மூடியதோடு நிற்கவில்லை. மாலைப் பொழுதுக்கு விளையாட்டும் பஜனையும், மிச்சமான கூலிக்குச் சிக்கனச் சங்கங்களும், கள்ளிறக்கியவருக்குப் பதனீரும் வெல்லமும் வழியாகக் காட்டப்பட்டன. கள்ளுக்கடை இருந்த நேரத்தை வேறொன்று நிரப்ப வேண்டுமென அன்றே உணர்ந்திருந்தனர்.

நம் சங்கங்கள் செய்யக்கூடியது என்ன? மூச்சுச் சோதனை மருத்துவமனைக்குரியது. மருத்துவரைக் குறித்த நாளில் கண்டது, காலையில் தறியில் அமர்ந்தது, சேமிப்பில் பத்து ரூபாயேனும் செலுத்தியது ஆகியவற்றை நாம் அறியலாம். பொதுச்சபையின் ஒப்புதலுடன், விதிகள் இடந்தரும் அளவில், பொதுநல நிதியிலிருந்து வாரந்தோறும் சிறு பரிசு வழங்கலாம். பணமாக வேண்டாம், அரிசி, சோப்பு, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் போதும். தொடர்ந்து செய்பவருக்குச் சீட்டு ஒவ்வொன்றாகக் கூடட்டும். தவறினால் மீண்டும் ஒன்றிலிருந்து. ஏச்சு வேண்டாம். பெயரைப் பலகையில் எழுதவும் வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் உண்டாகலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் அரசு மருத்துவமனை. சீட்டுக் கிண்ணம் அதன் பின்னரே.

பரிசு நின்றபின் பலரிடம் பலன் தேய்வதும் உண்மை. அதனால்தான் சேமிப்பையும் தறியையும் சேர்த்துச் சொன்னேன். அவை பரிசு நின்ற பின்னும் தாமே பலன் தருவன.

மேற்சொன்ன அங்கத்தினர் இம்முறையில் ஐந்து வாரம் தவறாது வந்தார். ஆறாம் வாரம் வரவில்லை. ஏழாம் வாரம் காரியதரிசி ஒன்றும் கேளாமல் கிண்ணத்தை நீட்ட, ஒற்றைச் சீட்டை எடுத்தார், சோப்பு விழுந்தது.